நூறு டாலர் அதிகாரம்: வேதநூல்களில் காமம் குறித்த முஸ்லிம் - கிறித்தவ வாதத்தின் பின்னணி

1986 நவம்பரில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழக அரங்கில், இரண்டு பிரசங்கிகள் எதிரெதிரே நின்றார்கள். ஒருவர் ஜிம்மி ஸ்வாகர்ட். உள்ளூர்க்காரர், தொலைக்காட்சி ஊழியத்தில் அன்று அவருக்கு நிகராகச் சொல்லச் சிலரே இருந்தார்கள். மற்றவர் அகமது தீதாத். குஜராத்தில் சூரத் பக்கம் 1918இல் பிறந்து, ஒன்பது வயதில் தென்னாப்பிரிக்கா போய், டர்பனில் கடைச் சிப்பந்தியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். ‘பைபிள் இறைவனின் வார்த்தையா?’ என்பது தலைப்பு. பேச்சின் நடுவே தீதாத் ஒரு சவால் விட்டார். பைபிளில் எசேக்கியேல் நூலின் 23ஆம் அதிகாரத்தை இந்தக் கூட்டத்துக்கு முன்னால் உரக்க வாசித்தால் நூறு டாலர் தருகிறேன் என்றார். ஸ்வாகர்ட் பின்வாங்கவில்லை, வாசித்தார்.

அந்த ஒளிப்பதிவு வீடியோ கேசட்டாக உலகம் சுற்றியது. இன்று துண்டு துண்டாக யூடியூபில் சுற்றுகிறது. முஸ்லிம்கள் அதைத் தீதாதின் வெற்றியாகப் பார்க்கிறார்கள்: தாயையும் மகளையும் அருகில் வைத்துக்கொண்டு படிக்கக் கூசுகிற புத்தகம் வேதமாகுமா? கிறித்தவர்கள் ஸ்வாகர்ட்டின் வெற்றியாகப் பார்க்கிறார்கள்: வாசித்துக் காட்டிவிட்டாரே, அப்புறம் என்ன? இரு தரப்பும் அந்த அதிகாரம் எதைப் பற்றியது என்ற கேள்விக்குள் அதிகம் போவதில்லை.

முதலில் அந்த அதிகாரத்தைப் பார்த்துவிடலாம். அகோலாள், அகோலிபாள் என்று இரண்டு சகோதரிகள். எகிப்தில் இருந்த இளம்பருவத்திலேயே வழி தவறியவர்கள். மூத்தவள் அசீரியப் படைவீரர்களின் நீலச் சீருடையில் மயங்குகிறாள். இளையவள் அதோடு நிற்காமல், சுவரில் வரைந்திருக்கும் கல்தேயரின் படங்களைப் பார்த்தே ஆசை கொண்டு பாபிலோனுக்குத் தூதனுப்புகிறாள். இருபதாம் வசனத்தில் கழுதையையும் குதிரையையும் இழுத்து ஓர் ஒப்புமை வருகிறது. தீதாதின் சவாலுக்கு முனை அதுதான். நாலாம் வசனத்திலேயே விடையும் இருக்கிறது: அகோலாள் என்பவள் சமாரியா, அகோலிபாள் என்பவள் எருசலேம். இரண்டும் இரண்டு தலைநகரங்கள்.

எசேக்கியேல் குரு குடும்பத்தவர். கி.மு. 597இல் பாபிலோன் மன்னன் எருசலேமிலிருந்து பிடித்துப்போன கூட்டத்தில் ஒருவராகக் கேபார் நதிக்கரையில் குடியமர்த்தப்பட்டவர். வடநாட்டுத் தலைநகரான சமாரியா அசீரியரிடம் விழுந்து அப்போது நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன. எருசலேமும் அதே பாதையில், ஒருநாள் எகிப்தோடும் மறுநாள் பாபிலோனோடும் ஒப்பந்தம் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தது. அந்த வெளியுறவுக் கொள்கையைத்தான் எசேக்கியேல் வேசித்தனம் என்கிறார். நகரத்தைப் பெண்ணாகவும் தெய்வத்தை அவள் கணவனாகவும் பேசுவது அவருக்கு முன்பே ஓசியா தீர்க்கதரிசியின் நூலில் உண்டு. எசேக்கியேல் செய்தது அதைத் தாங்க முடியாத அளவுக்கு முறுக்கியது. கேட்பவனுக்குக் குமட்ட வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த வகையில், நாற்பது வருடம் முன்னால் லூசியானாவில் முகம் சுளித்தவர்கள்தான் அதை ஒழுங்காகக் கேட்டவர்கள் என்றும் சொல்லலாம்.

கூச்சம் தீதாத் கண்டுபிடித்ததும் இல்லை. யூத ரபிகளின் மிஷ்னா நூல் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. ஜெப ஆலயத்தில் எந்தெந்தப் பகுதியை வாசிக்கலாம், எதை வாசித்துவிட்டு மக்கள் மொழியில் பெயர்க்காமல் விட்டுவிடலாம் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. ரூபன் தன் தகப்பனின் மறுமனையாட்டியோடு படுத்த கதையை வாசிக்கலாம், பெயர்க்கக் கூடாது. யூதா - தாமார் கதையை வாசிக்கவும் செய்யலாம், பெயர்க்கவும் செய்யலாம். எசேக்கியேல் 23க்கு இணைபிரியாத் துணையான 16ஆம் அதிகாரத்தைப் பொது வாசிப்பில் சேர்க்கவே கூடாது என்று ரபி எலியேசர் சொன்னதாகவும் அதே இடத்தில் வருகிறது. ‘எருசலேமின் அருவருப்புகளை அவளுக்குத் தெரியப்படுத்து’ என்று தொடங்கும் அந்த அதிகாரத்தை அவர் முன்னால் ஒருவன் வாசிக்க, ‘எருசலேமின் அருவருப்பைத் தோண்டுவதற்கு முன்னால் போய் உன் தாயாரின் அருவருப்பை விசாரி’ என்று சீறினாராம். மிஷ்னாவுக்கு ரபிகள் பின்னால் எழுதிய விளக்கத் தொகுப்பான தல்முதில் உள்ள கதை இது.

மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ அறிஞர் ஒரிகன், யூதர்கள் சில பகுதிகளை முதிர்ந்தவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்ததைச் சொல்கிறார். ஆதியாகமத்தின் தொடக்கம், எசேக்கியேலின் முதலும் முடிவும், காதல் பாட்டான உன்னதப்பாட்டு. இவற்றில் எல்லாமே காமத்துக்காக ஒதுக்கப்பட்டவை அல்ல. படைப்பின் ரகசியம், தெய்வ தரிசனம் என்று வேறு பயங்களும் உண்டு. உன்னதப்பாட்டுக்கான காரணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. புனித ஜெரோம், லேத்தா என்ற ரோமானியப் பெண்மணிக்கு மகளை வளர்ப்பது பற்றி எழுதிய கடிதத்தில், மற்ற வேதநூல்களை எல்லாம் படித்துத் தேறிய பிறகு கடைசியாக உன்னதப்பாட்டைக் கொடு, முதலிலேயே கொடுத்தால் இது ஆவிக்குரிய திருமணம் என்று குழந்தைக்குப் புரியாது என்கிறார். இன்றைக்கும் தேவாலய ஞாயிறு வாசகங்களில் எசேக்கியேல் 23க்கு இடமில்லை. வேதம் முழுவதும் தேவனால் அருளப்பட்டது என்று சொல்கிற சபைகள், எதைப் பீடத்தில் வாசிப்பது என்பதில் மட்டும் ரபி எலியேசரின் சீடர்களாகவே நடந்துகொள்கின்றன.

தீதாதுக்கு இந்த ஆயுதம் எங்கே கிடைத்தது என்பது தனிக் கதை. 1930களின் பின்பாதியில் நேட்டால் பகுதியில் ஆடம்ஸ் மிஷன் என்ற கிறித்தவக் கல்லூரிக்கு அருகில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அங்கே பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர்கள் கடைக்கு வரும்போதெல்லாம் நபியைப் பற்றியும் அவர் மனைவியரைப் பற்றியும் கேட்டுத் துளைத்தார்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தவர் கையில், முதலாளியின் பழைய கிடங்கில் கிடந்த ஒரு புத்தகம் சிக்கியது. ‘இஸ்ஹாருல் ஹக்’, சத்தியத்தின் வெளிப்பாடு. எழுதியவர் ரஹ்மத்துல்லாஹ் கைரானவி.

அந்தப் புத்தகத்தின் வேர் ஆக்ராவில் இருக்கிறது. 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் ஜெர்மானிய மிஷனரி கார்ல் ஃபாண்டருக்கும் கைரானவிக்கும் அங்கே பகிரங்க விவாதம் நடந்தது. ஃபாண்டர் ஏற்கெனவே இஸ்லாத்துக்கு எதிராக எழுதிப் பெயர் பெற்றவர். மேடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. கைரானவியின் பக்கத்தில் டாக்டர் வஜீர் கான் உட்கார்ந்திருந்தார். மருத்துவம் படிக்க இங்கிலாந்து போய்வந்தவர். வரும்போது ஐரோப்பிய பைபிள் ஆராய்ச்சி நூல்களையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் கிறித்தவப் பேராசிரியர்களே தங்கள் வேதத்தின் முரண்களைப் பற்றி எழுதியதையெல்லாம் எடுத்து ஃபாண்டர் முன்னால் வைத்தார்கள். ஐரோப்பாவில் நடந்துகொண்டிருந்த உள்வீட்டுச் சண்டை ஆக்ராவில் இன்னொரு மதத்தின் கையில் ஆயுதமாகும் என்று ஃபாண்டர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. மூலப்பிரதிகளில் பாடபேதங்கள் இருப்பதை அவர் ஒத்துக்கொள்ள வேண்டிவந்தது. விவாதம் இரண்டு நாளோடு முடிந்துபோனது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கைரானவி தப்பி மக்காவுக்குப் போனார். 1860களில் அரபியில் அந்தப் பெரும் நூலை எழுதி முடித்தார்.

பைபிளில் இருக்கும் காமக் கதைகளைத் தாக்குவதற்கு ஐரோப்பிய நாத்திகர்களையும் பகுத்தறிவுவாதிகளையும் நம்பியிருக்க வேண்டிய அவசியம் முஸ்லிம் தரப்புக்கு இருந்ததில்லை. எண்ணூறு வருடம் முன்பே அதைச் செய்து முடித்த ஒருவர் இருந்தார். ஸ்பெயினின் குர்துபா நகரத்து இப்னு ஹஸ்ம் (994 - 1064). ஆதியாகமத்தை வரிவரியாகப் பிரித்து எழுதினார். மலைக்குகையில் லோத்துவின் இரண்டு மகள்கள் தகப்பனுக்குக் குடிக்கக் கொடுத்து அவரோடு படுக்கிறார்கள் என்பது நபிமார்கள் மீது சுமத்திய பொய் என்றார். யூதா தன் மருமகள் தாமாரை வேசி என்று நினைத்துச் சேர்ந்ததில் பிறந்த வம்சத்தில்தான் தாவீதும் சாலொமோனும் வருகிறார்கள் என்று எழுதிவைத்தவர்களை விட்டு விளாசினார்.

இதே இப்னு ஹஸ்ம்தான் காதலைப் பற்றி அரபு மொழியின் மிக அழகான உரைநடை நூல்களில் ஒன்றையும் எழுதியவர். பார்வையால் பேசுவது, தூது அனுப்புவது, பிரிவில் உடல் மெலிவது என்று இயல் இயலாகப் பிரித்து, தான் இளமையில் ஒரு பெண்ணுக்காக ஏங்கியது உட்பட எழுதியிருக்கிறார். ஆகவே காமம் என்ற சொல்லைக் கேட்டே மிரள்கிற சனாதனி அல்ல அவர். காதல் மனிதர்களுக்கு, சரி. நபிமார்களுக்கு இந்தக் கதை கூடாது என்பதே அவர் வாதம். வாதத்தின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

இஸ்லாமிய நம்பிக்கையில் நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து காக்கப்பட்டவர்கள். அவர்கள் முன்மாதிரிகள், முன்மாதிரி கறைபட்டால் செய்தியும் கறைபடும். லூத் (லோத்து) ஒரு நபி, தாவூத் (தாவீது) ஒரு நபி, சுலைமான் (சாலொமோன்) ஒரு நபி. பைபிளில் லோத்து தீர்க்கதரிசியே அல்ல. ஆபிரகாமின் சகோதரன் மகன், அவ்வளவுதான். குகைக் கதையின் முடிவில் மோவாபியரும் அம்மோனியரும் இப்படித்தான் பிறந்தார்கள் என்று வருகிறது. பக்கத்து நாட்டுக்காரர்களின் பிறப்பை இஸ்ரவேலர் குத்திக்காட்டிய பழைய ஏச்சு அது. ஆனால் புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபம் லோத்தை நீதிமான் என்று சொல்லிவைத்திருப்பதால், கிறித்தவர்கள் இதை அவ்வளவு சுலபமாகக் கை கழுவவும் முடியாது.

கிறித்தவத் தரப்பின் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. எங்கள் வேதம் மனிதர்களை வெள்ளையடித்துக் காட்டவில்லை, பாவிகளின் வரலாற்றுக்குள்தான் கடவுள் வேலை செய்கிறார் என்பது அது. மத்தேயு நற்செய்தி இயேசுவின் வம்சவரிசையைச் சொல்லும்போது தாமாரையும், எரிகோவின் வேசி ராகாபையும், மோவாபியப் பெண் ரூத்தையும், தாவீது கவர்ந்துகொண்ட ‘உரியாவின் மனைவியாயிருந்தவளை’யும் வேண்டுமென்றே சேர்க்கிறது. இப்னு ஹஸ்ம் எதை அவமானம் என்றாரோ அதை மத்தேயு முதல் பக்கத்திலேயே பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார். குர்ஆன் அல்லாஹ்வின் நேரடிப் பேச்சு, தொழுகையில் ஓதப்படுவது, அதன் எந்த வரியும் எந்த முஸ்லிமின் வாயிலும் வரக்கூடியது. பைபிள் பல நூற்றாண்டுகளில் பல கைகள் எழுதிய கதை, சட்டம், கவிதை, ஒப்பாரி, வசை எல்லாம் சேர்ந்த தொகுப்பு. ஒன்றின் இலக்கணத்தால் மற்றொன்றை அளந்தால் அது எப்போதும் தோற்கும். விவாத மேடைகள் நடப்பதே இந்த அளவுகோல் மாற்றத்தை நம்பித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முஸ்லிம் உரையாசிரியர்களிடமும் தாவூத் கதை லேசில் தீரவில்லை. குர்ஆனின் 38ஆம் சூராவில் (அத்தியாயத்தில்) இரண்டு வழக்காளிகள் மதிலேறிக் குதித்துத் தாவூதிடம் வருகிறார்கள். இவனிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள், என்னிடம் ஒன்றே ஒன்று, அதையும் கேட்கிறான் என்கிறான் ஒருவன். தாவூத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன்னைத்தான் சோதித்திருக்கிறார்கள் என்று உணர்ந்து மன்னிப்புக் கேட்டுச் சாய்கிறார். எதற்கு மன்னிப்பு? குர்ஆன் சொல்லவில்லை. பைபிளில் உரியாவின் மனைவி விஷயமாக நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொல்லும் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதை தெரிந்தவர்களுக்கு இது எங்கே போகிறது என்று புரியும். தபரியின் தஃப்சீர், அதாவது குர்ஆன் உரை (அவர் இறந்தது 923இல்), அந்த இடைவெளியைத் தயங்காமல் நிரப்புகிறது. தாவூத் வழிபாட்டில் இருக்கும்போது தங்கப் புறா ஒன்று வந்து இறங்குகிறது. பிடிக்கப்போனால் நழுவி நழுவிப் போகிறது. தொடர்ந்து போனவர் கண்ணில் குளித்துக்கொண்டிருக்கும் பெண் படுகிறாள். அவள் கணவன் போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். பைபிளில் இல்லாத அந்தத் தங்கப் புறா எவ்வளவு அழகான சேர்க்கை!

நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இப்னு கஸீர் இதே இடத்துக்கு வரும்போது கதவைச் சாத்திவிடுகிறார். இங்கே சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் இஸ்ராயிலிய்யாத், அதாவது இஸ்ரவேலரிடமிருந்து வந்த கதைகள். நபியிடமிருந்து நம்பகமாக எதுவும் வரவில்லை. ஓதிவிட்டு, அறிவை அல்லாஹ்விடம் விட்டுவிடுவதே நல்லது என்கிறார். தாவூதின் கதையைக் கதைசொல்லிகள் சொல்கிறபடி சொல்பவனுக்கு 160 கசையடி கொடுப்பேன் என்று நான்காம் கலீஃபா அலீயின் பெயரால் ஒரு கூற்றும் தஃப்சீர்களில் வருகிறது. கசையடி வரை போக வேண்டியிருந்தது என்றால் கதை எவ்வளவு பரவலாக இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகத் தெரிவது சூரா யூசுஃப். எகிப்திய எஜமானி கதவுகளைத் தாழிட்டுவிட்டு யூசுஃபை அழைக்கிறாள். அவள் அவரை விரும்பினாள், தம் இறைவனின் சான்றைக் கண்டிராவிட்டால் அவரும் அவளை விரும்பியிருப்பார் என்கிறது 24ஆம் வசனம். ஆதியாகமத்தின் யோசேப்புக்கு இந்த ஊசலாட்டம்கூட இல்லை. ‘தேவனுக்கு விரோதமாய்ப் பாவம் செய்வது எப்படி’ என்று கேட்டுவிட்டு ஓடிவிடுகிறான். குர்ஆனில் ஊர்ப் பெண்கள் விருந்துக்கு வருகிறார்கள், கையில் கத்தி கொடுக்கப்படுகிறது, யூசுஃப் உள்ளே வந்ததும் அவர் அழகில் மலைத்துத் தங்கள் கைகளையே அறுத்துக்கொள்கிறார்கள். இந்த சூராவைத்தான் குர்ஆன் ‘மிக அழகிய வரலாறு’ என்கிறது.

ஆரம்பகால இஸ்லாத்தில் பிரிந்துபோன காரிஜியர் என்ற குழுவில் அஜாரிதா என்று ஒரு பிரிவு இருந்தது. காதல் கதை எப்படி இறைவேதத்தில் இருக்க முடியும் என்று கேட்டு, சூரா யூசுஃப் குர்ஆனைச் சேர்ந்ததே அல்ல என்று அவர்கள் சொன்னதாக, பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் ஷஹ்ரஸ்தானி பதிவு செய்கிறார். தீதாதின் அளவுகோலைச் சொந்த வேதத்தின் மேலேயே வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். உம்மத், அதாவது முஸ்லிம் சமூகம், அவர்களைப் பொருட்படுத்தவில்லை. கதையில் காமம் இருப்பது கதையைக் காமக் கதையாக்காது என்று அன்றே முடிவு செய்யப்பட்டுவிட்டது. அந்த முடிவை எசேக்கியேலுக்கும் நீட்டியிருந்தால் பல மேடைகள் கலைந்திருக்கும்.

கிறித்தவர்கள் தொடுத்த தாக்குதலின் வயது இதைவிட அதிகம். டமாஸ்கஸில் உமய்யா கலீஃபாக்களிடம் உத்தியோகம் பார்த்த குடும்பத்தில் பிறந்து துறவியான யோவான் (இறப்பு ஏறத்தாழ 749), இஸ்லாத்தைக் கிறித்தவத்தின் திரிபுகளில் ஒன்றாக வைத்து எழுதினார். வளர்ப்பு மகன் ஸைதின் மனைவியாயிருந்த ஸைனபை நபி மணந்த செய்தியும், மனைவியரை விளைநிலம் என்று சொல்லும் 2:223ஆம் வசனமும் அவர் குறிவைத்த இடங்கள். பெண்ணை நிலமாகச் சொன்னதற்கு இவ்வளவு கொதித்தவர், ‘நீ அடைக்கப்பட்ட தோட்டம்’ என்று மணவாளியைப் பார்த்துப் பாடும் உன்னதப்பாட்டை ஓதுகிற திருச்சபையைச் சேர்ந்தவர்தான்.

இடைக்கால ஐரோப்பாவில் முக்கியமான இலக்கு சொர்க்கம். ஆறுகள், கனிகள், பட்டு மெத்தைகள், ஹூருல் ஈன்கள் என்னும் அகன்ற கண்களுடைய சொர்க்கக் கன்னியர். உயிர்த்தெழுதலில் கொள்வனையும் இல்லை கொடுப்பனையும் இல்லை என்று இயேசு சொன்ன மத்தேயு 22:30ஐ வைத்துக்கொண்டு இதைச் சதைச் சொர்க்கம் என்றார்கள். தாமஸ் அக்வினாஸ், நபி மக்களைச் சிற்றின்ப வாக்குறுதிகளால் இழுத்தார் என்று ஒரே பத்தியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு நூறாண்டுக்கு முன்பு, குளூனி மடத்துத் தலைவர் பேதுரு குர்ஆனை முதல்முறையாக லத்தீனில் பெயர்க்க ஏற்பாடு செய்தார். 1143இல் அது முடிந்தது. கையோடு தன் நண்பர் கிளேர்வோ மடத்து பெர்னார்டுக்கு எழுதி, இந்த மதத்தை மறுத்து ஒரு நூல் எழுதுங்கள் என்று கேட்டார். பெர்னார்டு எழுதவில்லை. அவர் அப்போது பல ஆண்டுகளாக வேறொரு வேலையில் மூழ்கியிருந்தார்: ‘அவர் தமது வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுவாராக’ என்று தொடங்கும் உன்னதப்பாட்டின் மேல் தம் துறவியருக்குப் பிரசங்கங்கள் எழுதிக்கொண்டிருந்தார். 86 பிரசங்கம் எழுதியும் மூன்றாம் அதிகாரத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் 1153இல் இறந்துபோனார். மணம் முடிக்காத துறவிகள் கூடத்தில் அமர்ந்து முத்தத்தின் வகைகளைக் கேட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே வட்டாரத்தில், முஸ்லிம்களின் சொர்க்கம் சதைப்பற்று மிகுந்தது என்று எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

இதைப் பாசாங்கு என்று சொல்லிவிடுவது எளிது. நடந்தது அது இல்லை. பெர்னார்டுக்கு முத்தம் ஆன்மாவும் கிறிஸ்துவும் சேருவதைச் சொல்வது. அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தன் வேதத்தை உள்ளே இருந்து, தலைமுறை தலைமுறையாக வந்த உரையோடு சேர்த்துப் படிக்கிறோம். மற்றவன் வேதம் உரையில்லாமல், வெறும் சொல்லாகக் கைக்கு வருகிறது. தனக்கு உவமை, எதிராளிக்கு அகராதி.

முஸ்லிம்களுக்குள் ஹூர்களைப் பற்றி ஒரே கருத்து இருந்ததுமில்லை. உடல் இன்ப வருணனைகள் பாமரருக்குப் புரியவைக்கச் சொன்ன உவமைகள், உண்மையான பேரின்பம் அறிவின் இன்பம் என்ற பக்கம் சாய்ந்தார் இப்னு சீனா. மறுமையில் உடல் எழுப்பப்படும் என்பதை மறுப்பது இறைமறுப்பு என்று கஸ்ஸாலி கடுமையாகப் பதிலளித்தார். எந்தக் கண்ணும் காணாத, எந்தக் காதும் கேளாத, எந்த மனித உள்ளத்திலும் தோன்றாத ஒன்றை என் அடியார்களுக்குத் தயாரித்து வைத்திருக்கிறேன் என்று அல்லாஹ் சொல்வதாக புகாரியின் தொகுப்பில் ஹதீஸ் (நபிமொழி) உண்டு. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஏறக்குறைய இதே சொற்கள் இருக்கின்றன. 2001 செப்டம்பருக்குப் பிறகு உலகம் முழுக்கக் கிண்டலான ‘72 கன்னியர்’ கணக்கு குர்ஆனில் இல்லை. திர்மிதியின் தொகுப்பில் வரும் ஹதீஸ் அது. மறுபக்கம், நாலாம் நூற்றாண்டுச் சிரியக் கிறித்தவக் கவி எஃப்ரேம், மதுவைத் துறந்த கற்புள்ள துறவியைச் சொர்க்கத்தின் திராட்சைக்கொடிகள் தம் மார்போடு வரவேற்கும் என்று பாடியிருக்கிறார். குர்ஆனின் சொர்க்கத்துக்கு இது முன்னோடியா என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் அடித்துக்கொண்டார்கள். முன்னோடியோ இல்லையோ, சொர்க்கத்தை உடலின் மொழியில் பாட அந்தப் பகுதியின் கிறித்தவர்களுக்கும் வாய் கூசியதில்லை.

வேடிக்கையான முரண் ஒன்று. உன்னதப்பாட்டை ஆபாசம் என்று ஒதுக்கும் அதே பிரச்சாரகர்களில் பலர், அதன் 5:16ஆம் வசனத்தின் எபிரேய மூலத்தில் முஹம்மது என்ற பெயரே வருகிறது, நபியின் வருகை முன்னறிவிக்கப்பட்டிருக்கிறது என்றும் வாதாடுகிறார்கள். காதலி தன் காதலனின் கன்னம், உதடு, கால் என்று கேசாதிபாதம் பாடி முடிக்கும் இடம் அது. ஆபாச நூல் என்பதா, நபிக்குச் சாட்சி சொன்ன நூல் என்பதா என்பதை ஒரே மேடையில் இரண்டு மணி நேர இடைவெளியில் மாற்றிக்கொள்கிறார்கள்.

தமிழிலும் இந்தச் சண்டை நடக்கிறது. சென்னையிலும் நெல்லையிலும் கொழும்பிலும் தமிழ் இணையத்திலும் ‘பைபிளில் ஆபாசம்’ என்ற தலைப்புக்கு எப்போதும் கூட்டம் உண்டு. எதிர்வினையாக ஹூர்களையும் நபியின் திருமணங்களையும் பட்டியல் போடும் கிறித்தவக் காணொளிகளும் உண்டு. தமிழ் முஸ்லிமும் தமிழ்க் கிறித்தவரும் தத்தம் இலக்கியத்தைப் புரட்டினால் இந்தக் கோபம் கொஞ்சம் தணியும். குணங்குடி மஸ்தான் சாகிபு, மனோன்மணிக் கண்ணியில் இறைவனையே மனோன்மணி என்னும் பெண்ணாக்கி, அவளைச் சேரத் தவிக்கும் காதலனாகத் தம்மை வைத்துப் பாடுகிறார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி, உலா வரும் இயேசுவைக் கண்டு மையல் கொண்டு நிலவைப் பழிக்கிறாள். குறி சொல்ல விசுவாசக் குறத்தி வருகிறாள். கோயில் குறவஞ்சிகளின் வடிவத்தை அப்படியே எடுத்துத் திருச்சபையைத் தலைவியாக்கிவிட்டார். ஆண்டாளும் திருக்கோவையாரும் புழங்கிய மொழியில் வாழ்பவர்களுக்கு, இறைவனோடு சேர்வதைக் காமத்தின் சொல்லால் சொல்வது புதிதல்ல. அருவருப்பு என்று மேடையில் கத்துகிறவர் ஐரோப்பாவின் விக்டோரியக் கூச்சத்தைத்தான் தாவாவுக்கும் (இஸ்லாமிய அழைப்புப் பணிக்கும்) ஊழியத்துக்கும் கடன் வாங்கிக் கத்துகிறார்.

அதற்காக எசேக்கியேல் 23இல் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது. பிரச்சினை இருபதாம் வசனத்தில் இல்லை, இருபத்தைந்தாம் வசனத்தில் இருக்கிறது. கணவனாகிய கடவுள் அகோலிபாளை அவளுடைய பழைய காதலர்களிடமே ஒப்புக்கொடுக்கிறார். அவர்கள் அவள் மூக்கையும் காதுகளையும் அறுத்துப்போடுவார்கள், உடைகளை உரிவார்கள் என்று வருகிறது. நகரம் என்ற உருவகம் அங்கே மறைந்துபோய் ஓர் அடிபட்ட பெண் மட்டும் கண்முன் நிற்கிறாள். 48ஆம் வசனம் இன்னும் ஒரு படி போய், எல்லாப் பெண்களும் இதைப் பார்த்துப் புத்தி படிக்க வேண்டும் என்கிறது. நகரங்களுக்குச் சொன்ன கதை சாதாரணப் பெண்களுக்கான மிரட்டலாகத் திரும்பும் இடம் அது. 1980களிலிருந்து கிறித்தவ, யூதப் பெண் ஆய்வாளர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஓசியா, எரேமியா, எசேக்கியேல் மூவரிலும் வரும் அடிக்கும் கணவன் உருவகத்தைப் பற்றி, அமெரிக்க கறுப்பினப் போதகரும் அறிஞருமான ரெனிடா வீம்ஸ் 1995இல் ஒரு முழு நூலே எழுதினார். அடிபடும் மனைவி ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டால் அவளுக்கு என்ன கேட்கும் என்பது அவர் கேள்வி.

முஸ்லிம்களிடையே ஆமினா வதூத் 1990களின் தொடக்கத்தில் இதற்கு இணையான ஒன்றைச் செய்தார். ஹூர் வருணனைகள் மக்காவில் இறங்கிய ஆரம்ப சூராக்களில்தான் வருகின்றன, அன்றைய அரபு ஆண்களின் கற்பனைக்கு எட்டும்படி பேசியவை அவை. மதீனாவில் இறங்கியவற்றில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் தூய துணைகள் என்றே வருகிறது என்று காட்டினார். மூக்கு அறுபடும் வசனத்தை லூசியானாவில் தீதாதும் பெரிதாக்கவில்லை, ஸ்வாகர்ட்டும் நின்று விளக்கவில்லை. நூறு டாலர் இருபதாம் வசனத்துக்குத்தான்.